பூட்டிய வீட்டில் ஒரு நேர்காணல்

1

"நேர்காணல் நடைபெறும் அறையில் விண்ணப்பதாரரைத் தவிர வேறு எவரும் இருத்தல் கூடாது. பெற்றோர், பாதுகாவலர், ஆசிரியர், நண்பர் எவருக்கும் இதில் விலக்கு இல்லை."

விதி இவ்வளவுதான். மொழிபெயர்ப்பு என்னுடையது. ஆங்கில மூலத்தில் 'தயவுசெய்து' என்று ஒரு சொல் உண்டு, அதை விட்டுவிட்டேன். விதிக்குள் தயவுக்கு என்ன வேலை?

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவிலுள்ள இன்னொரு தமிழ்க் குடும்பத்துத் தகப்பனார் என்னைத் தேடி வந்தார். அவருடைய பையனுக்குப் பெரிய பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து நேர்காணல் அழைப்பு வந்திருக்கிறது. இந்த வட அமெரிக்கப் பனி ஊரில் விதி, படிவம், முத்திரை என்று எது வந்தாலும் என்னிடம் கேட்பது வழக்கமாகிவிட்டது. ஓய்வுபெற்றவனுக்கும் ஒரு அலுவலகம் வேண்டுமே.

"அங்கிள், நாங்க பக்கத்து ரூம்ல இருக்கலாமா?"

"இருக்கலாம். கதவு மூடியிருக்கணும்."

"மூடிட்டா போதுமா?"

அந்தக் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்லவில்லை. காபி ஆறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் நான் யோசிப்பதாக நினைத்துக்கொண்டு போய்விட்டார். அவரிடம் சொல்லாததை ஊரில் இருக்கும் உங்களிடம் சொல்லலாம் என்று எழுதுகிறேன்.

2

நான் செங்கல்பட்டில் ஒரு அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். என் மேசையைத் தாண்டிப் போன கோப்பு எதுவும் குறையோடு போனதில்லை என்று ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை உண்டாக்கியவனும் நானே. மனைவி போன பிறகு மகன் ரவி என்னை இங்கே அழைத்துக்கொண்டான். இங்கே என் பொறுப்புகள் மூன்று: குப்பைத் தொட்டிகளை உரிய கிழமையில் உரிய நிறத்தில் வாசலில் வைப்பது, நடைபாதைப் பனிக்கு உப்புப் போடுவது, பேத்தியோடு தமிழில் பேசுவது. முதல் இரண்டையும் குறைவின்றிச் செய்கிறேன்.

பேத்தி பெயர் கயல்விழி. நல்ல தமிழ்ப் பெயர் வைத்துவிட்டால் தமிழ் தானாக வரும் என்று நம்பிய தலைமுறை ரவியுடையது. பள்ளியில் அவள் பெயர் 'கே'. ஒற்றை எழுத்து. நம் ஊரில் அதை இனிஷியல் என்போம்.

இங்கே பெரிய பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிப்பது எப்படி என்று ஊரிலிருந்து பலர் கேட்கிறார்கள். நம் ஊரில் கட்-ஆஃப் உண்டு. அரை மார்க்கில் போயிற்று என்று அழலாம், எந்த அரை மார்க் என்றுகூடத் தெரிந்துகொண்டு அழலாம். இங்கே மார்க் எல்லோரிடமும் இருக்கிறது. அதற்கு மேல் 'நீ யார்' என்று கட்டுரை எழுதச் சொல்கிறார்கள். பதினேழு வயதுப் பெண்ணிடம் இதைக் கேட்கிறார்கள், எனக்கே இன்னும் விடை தெரியாத கேள்வி. பிறகு ஆசிரியர் கடிதங்கள், சேவைகள், சாதனைகள். கடைசியாக அந்தப் பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர் ஒருவர் நேர்காணல் செய்து அறிக்கை அனுப்புவார். விண்ணப்பித்தவர்களில் பெரும்பாலோரைத் திருப்பி அனுப்புவதில்தான் இந்த இடங்களின் பெருமையே இருக்கிறது. ஏன் திருப்பி அனுப்பினார்கள் என்பதை ஆண்டவனும் மேல்முறையீட்டில் கேட்க முடியாது.

போன வருடம் கயல் பல இடங்களுக்குப் போட்டிருந்தாள். அவள் மனத்தில் இருந்தது ஒன்றுதான். கடலரிப்பைப் பற்றிப் படிக்க அவள் விரும்பிய துறை அங்கே இருந்தது. இன்னொரு காரணமும் உண்டு. அந்த இலையுதிர் காலத்தில் ரவியை அவன் கம்பெனி வீட்டுக்கு அனுப்பிவிட்டது. முழு உதவித்தொகையோடு படிக்க வைக்கும் இடம் அவள் பட்டியலில் அது ஒன்றே. கிடைத்தால் அது. இல்லையென்றால் வீட்டருகே உள்ள கல்லூரியில் மாலை வகுப்பு, பகலில் கடையில் வேலை. அவள் அதை ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சாப்பாட்டு மேசையில் எங்கள் நடுவே உப்பு ஜாடி போல அது உட்கார்ந்திருந்தது.

3

டிசம்பரில் என் மனைவியின் திதி. வேலை போவதற்கு முன்பே டிக்கெட் எடுத்திருந்ததால் நானும் கயலும் மட்டும் செங்கல்பட்டுக்கு வந்தோம். இறங்கிய மறுநாள் அழைப்பு வந்தது: நேர்காணல், காணொளியில், ஊர் நேரப்படி மாலை ஆறரைக்கு. அமெரிக்காவில் காலை. செங்கல்பட்டில் விளக்கு வைக்கும் நேரம்.

எங்கள் வீடு ரயில் நிலையத்துக்கும் ஏரிக்கும் நடுவில் ஒரு குறுக்குத் தெருவில் இருக்கிறது. பூட்டியே கிடப்பது. சாவி எதிர்வீட்டு ஏழுமலையிடம் இருக்கும். ஏழுமலை ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். எங்கள் வீட்டுக் குழாய், மின்கட்டணம், பல்லி எல்லாம் அவர் பொறுப்பு.

பூட்டிக் கிடந்த வீடு திறந்தால் எங்கள் தெருவில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். எல்லோரும் வருவார்கள். கேபிள்காரர் வந்தார். பால்காரம்மா வந்து கயலின் கன்னத்தைக் கிள்ளி, "பொண்ணு இன்னா இப்டி எளச்சிகீது, அமெரிக்கால சோறு போட மாட்டாங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். கதவைத் தட்டுவது அந்தத் தெருவில் போலீஸ்காரர்களின் பழக்கம். மற்றவர்கள் நேரே உள்ளே வருவார்கள்.

நேர்காணல் நடுவில் பால்காரம்மா நுழைந்தால்? திரைக்குள் எட்டிப் பார்த்து "ஆரு இது, மாப்ளையா?" என்று கேட்டால்? விதியை மறுபடி படித்தேன். எவருக்கும் விலக்கு இல்லை.

ஆகவே ஒரு ஏற்பாடு செய்தேன். பின்கதவுக்கு உள்ளிருந்து இரும்புத் தாழ்ப்பாள். ஜன்னல்கள் சாத்தியாயிற்று. கயல் நடு அறையில் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தாள், முதுகுக்குப் பின்னால் சுவர், ஒரு காலி நாற்காலி. அறை முழுக்கப் பார்த்தேன், கட்டிலுக்கு அடியிலும் பார்த்தேன். பிறகு வெளியே வந்து வாசல் கதவைப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, தெருவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். பணிக்காலத்தில் வினாத்தாள் கட்டுகளுக்குக்கூட இத்தனை பாதுகாப்புக் கொடுத்ததில்லை.

4

ஏழுமலை ஆட்டோவை நிறுத்திவிட்டு வந்தார்.

"இன்னா சார் இது? பொண்ண உள்ள வச்சி பூட்டிகினு நீ வெளிய குந்திகினு கீற?"

"இன்டர்வியூ. உள்ள யாரும் இருக்கக் கூடாதுன்னு விதி."

"இன்னா விதி? விளக்கு வெக்கிற நேரத்துல வயசுப் பொண்ண பூட்டுன வூட்ல தனியா வுடுறது ஒரு விதியா? எங்க ஊட்டுக்காரிய அனுப்பட்டா? ஒரு ஓரமா குந்தினு இருக்கும். வாயே தொறக்காது."

"வாயைத் திறக்காம உங்க வீட்டுக்காரம்மாவா?"

"அது சரி," என்று சிரித்தார். பிறகு எதிரே, இப்போது பூட்டிக்கிடக்கும் ஒண்டுக்குடித்தன அறையைப் பார்த்தார். "தனக்கோட்டி இருந்தா நாம சொல்லவே தேவல. அதுவா வந்து குந்திகினு இருக்கும்."

தனக்கோட்டியை எனக்கு நன்றாகத் தெரியும். அந்த அறையில் தனியாகக் குடியிருந்தவர். பெண்ணொருத்தி வீட்டில் தனியாக இருந்தால், கணவன் இரவு ஷிப்டுக்குப் போயிருந்தால், பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை விழித்திருந்தால், ஆஸ்பத்திரியில் யாராவது கிடந்தால், துணைக்கு உட்காருவதற்கு அவரைத்தான் கூப்பிடுவார்கள். பாதி நேரம் கூப்பிடவும் மாட்டார்கள். வந்து செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவார். பேச்சு கிடையாது. நான் அமெரிக்கா வந்த பிறகு இறந்துபோனார் என்று ரவிக்குப் போன் வந்தது. கயல் அப்போது கைக்குழந்தை.

தெருவிளக்கு எரியத் தொடங்கியது. மின்சார ரயில் ஒன்று நிலையத்துக்குள் நுழையும் ஓசை கேட்டது. வீட்டுக்குள்ளிருந்து கயலின் குரல் மெல்லியதாக, ஆங்கிலத்தில், விட்டு விட்டு வந்தது. நடுவில் ஒரு முறை அது நின்றது. வெகுநேரம் நின்றது போல இருந்தது. நான் எழுந்துவிட்டேன். ஏழுமலை என் கையைப் பிடித்தார். பிறகு குரல் திரும்ப வந்தது. முன்பு விட்டு விட்டு வந்தது இப்போது தங்குதடையில்லாமல், கிட்டத்தட்டச் சந்தோஷமாக வந்தது.

5

அவள் உள்ளிருந்து கூப்பிட்டதும் கதவைத் திறந்தேன். மூடிய அறையில் வியர்வை சொட்ட உட்கார்ந்திருந்தாள். மின்விசிறி நின்றிருந்தது.

"கரன்ட் போச்சா?"

"இல்ல தாத்தா. நான்தான் ஆஃப் பண்ணேன்."

"எதுக்கு? மைக்ல சத்தம் வந்துதா?"

"இல்ல..." யோசித்தாள். "ஆஃப் பண்ணணும்னு தோணிச்சு. யாரோ ஆஃப் பண்ணச் சொன்ன மாதிரி. ஐ டோன்ட் நோ."

அவள் முகத்தில் நிம்மதி இருந்தது. நடுவில் ஒரு கேள்வி வந்ததாம்: நீ முற்றிலும் தனியாக உணர்ந்த சமயத்தைச் சொல். அவளுக்கு அப்பாவின் வேலை போன நாள் நினைவுக்கு வந்ததாம், வாய் அடைத்துவிட்டதாம். "அப்புறம் சரியாயிடுச்சு" என்றாள். எப்படி என்று சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் காலை ஏழுமலையின் ஆட்டோவில் திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போனோம். திதி காரியத்தைக் கடற்கரையில் முடித்தோம். சாஸ்திரிகள் போன பிறகு கயல் கரையை ஆராயத் தொடங்கினாள். கடல் எவ்வளவு உள்ளே வந்திருக்கிறது, கற்களைக் கொட்டியதால் மணல் எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்த பாஷையில் ஏழுமலைக்கு விளக்கினாள். ஏழுமலைக்குத் தெரிந்த பாஷையில் அவர் தலையாட்டினார். பிறகு கடற்கரைக் கோயிலுக்குத் தெற்கே ஓர் இடத்தைக் காட்டினார்.

"தனக்கோட்டி அஸ்திய அங்கதாம்மா கரச்சேன். வருசா வருசம் மாசி மகத்துக்கு வந்து ஒரு கற்பூரம் ஏத்துவேன்."

"யாரு அவங்க? உங்க அம்மாவா?"

"அம்மா இல்ல, அத்தையும் இல்ல. தெருவுக்கே தொணை. ஆஸ்பத்திரில அதுக்குத் தொணையா நான்தான் குந்தினு இருந்தேன். ஒரு டீ குடிக்கலாம்னு வெளிய போனேன். வந்து பாத்தா ஆள் இல்ல." அலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பிறகு சிரித்தார். "ஒங்க அப்பன் படிக்கச் சொல்ல பின்னாலயே குந்தினு பூண்டு உரிச்சிகினு இருக்கும். மார்க்கெட் கடைக்கு உரிச்சிக் குடுக்கும், அதான் அதுக்குப் பொழப்பு. மடில முறம். ஃபேன் போட்டா மட்டும் கத்தும். தோலு பறக்குது, நிறுத்துடா, நிறுத்துடான்னு."

கயல் என்னைப் பார்த்தாள். நான் கடலைப் பார்த்தேன்.

என்றைக்கோ ரவி சொன்னது அவள் காதில் விழுந்திருக்கும் என்று எனக்கு நானே ஒரு குறிப்பு எழுதி, அந்தக் கோப்பை முடித்துவைத்தேன்.

6

ஜனவரியில் கோப்பு திரும்பத் திறந்தது.

இங்கே குப்பைத் தொட்டி இழுக்கும் கிழமை. பனியில் சக்கரம் சிக்கி நான் போராடிக்கொண்டிருந்தபோது கயல் கோட்டுப் போடாமல் வெளியே ஓடி வந்தாள். பல்கலைக்கழகத்திலிருந்து மின்னஞ்சல். நம் ஊரில் இதற்குப் பெயர் விளக்கம் கோரும் குறிப்பாணை. எத்தனையோ பேருக்கு நான் தயாரித்திருக்கிறேன், எனக்கு வந்தது இதுவே முதல்.

சாரம் இது. நேர்காணல் செய்தவரின் அறிக்கை மிகவும் நன்றாக இருக்கிறது. ஆனால் அதில் ஒரு குறிப்பு: நேர்காணல் முழுவதும் மாணவியின் இடது தோளுக்குப் பின்னால் வயதான ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தார். மடியில் எதையோ வைத்துக் கையால் வேலை செய்துகொண்டிருந்தார். பேசவில்லை. ஒரு கேள்வியின்போது மாணவி பதிலின்றித் தவித்துத் திரும்பிப் பார்த்தார், அந்தப் பெண்மணி தலையசைத்தார், அதன் பின் மாணவி சரளமாகப் பேசினார். விதிப்படி அறையில் வேறு எவரும் இருத்தல் கூடாது. அவர் யார், மாணவிக்கு உதவினாரா என்று விளக்க வேண்டும். விளக்கம் திருப்தியாக இல்லாவிட்டால் விண்ணப்பம் பரிசீலிக்கப்படாது.

"திரும்பிப் பாத்தியா?" என்று கேட்டேன்.

"பாத்தேன் தாத்தா. யாரும் இல்ல. காலி சேர்தான். ஆனா பயம் போயிடுச்சு."

என் மனைவியாக இருக்குமோ என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நானும் ஒரு கணம் நினைத்தேன். இருக்காது. அவள் என்றால் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டாள். குறுக்கே புகுந்து பதிலைத் திருத்தியிருப்பாள்.

ரவி அந்த மின்னஞ்சலை நின்றபடி படித்தான். மடியில் எதையோ என்ற இடம் வந்ததும் மெல்ல உட்கார்ந்தான். தன் இடது தோளை ஒரு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டான். தான் அதைச் செய்தது அவனுக்கே தெரிந்திருக்காது.

"ப்ளஸ் டூ முழுக்க இந்தப் பக்கம்தான்பா" என்றான்.

7

எது எப்படியானாலும் குறிப்பாணைக்குப் பதில் போக வேண்டும். கெடு இருக்கிறது.

என் முதல் வரைவு உண்மையை மட்டும் சொன்னது. அறையில் எவரும் இல்லை, பின்கதவு உள்தாழிடப்பட்டிருந்தது, வாசல் கதவு வெளிப்புறம் பூட்டப்பட்டிருந்தது, சாவி என் சட்டைப்பையில் இருந்தது, சாட்சி உண்டு.

ரவி படித்துவிட்டு என்னை ஏறிட்டான். "அப்பா, பொண்ணை வீட்டுக்குள்ள வெச்சு வெளிய பூட்டினேன்னு இந்த ஊர்ல எழுதிக் குடுக்கப் போறீங்களா? அட்மிஷன் வராது. போலீஸ்தான் வரும்."

இத்தனை ஆண்டுப் பணியில் ஒரு வரைவு கைதுக்கு இட்டுச் செல்லும் என்று எனக்குத் தோன்றியதில்லை. ஊரில் காவல் என்பது இங்கே சிறை. அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. யாரும் இல்லை என்று எழுதினால், நேர்காணல் செய்தவர் கண்ணால் பார்த்த ஒருவரை இல்லையென்று சொல்லும் பொய்க்காரி ஆவாள் கயல். இருந்தார் என்று எழுதினால் விதி மீறல்.

இரண்டாவது வரைவு நடைமுறைக்கு ஏற்றது. ஏழுமலைக்குப் போன் போட்டேன்.

"இதுக்கு ஏன் சார் பேஜாராவுற? எங்க ஊட்டுக்காரின்னு எழுதிக்க. தெரியாம உள்ள வந்துட்சின்னு கையெழுத்து போட்டுத் தரச் சொல்றேன். மடில அரிசி பொறுக்கினு இருந்துச்சின்னு வுடு." சற்று நிறுத்தினார். "ஆனா சார், அவுரு பாத்தது நம்ம தனக்கோட்டியதான?"

"தெரியலை."

"எனுக்குத் தெரியும். அதுக்கு இன்னா பூட்டு, இன்னா சாவி."

ஒரு பிரமாணப் பத்திரம் வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தேன். கயல் சம்மதிக்கவில்லை.

"அது அவங்க இல்லையே தாத்தா. அவங்க இடத்துல வேற ஒருத்தர் பேரைப் போட்டா... அது ரூடா இருக்காதா?"

அவமரியாதை என்ற தமிழ்ச் சொல் அவளுக்குத் தெரியவில்லை, பொருள் தெரிந்திருந்தது. இடம் போய்விடும் என்று ரவி சொன்னான். அவள் "தெரியும்பா" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனாள். இறங்கி வந்தபோது அனுப்பிவிட்டிருந்தாள். ஆங்கிலத்தில் இருந்ததை இங்கே தமிழில் தருகிறேன்:

"என் தாத்தாவின் தெருவில், ஒரு பெண் கடினமான காரியம் செய்யும்போது அவளைத் தனியாக விடுவதில்லை. யாராவது வந்து துணைக்கு உட்காருவார். நீங்கள் பார்த்தவர் தனக்கோட்டி என்று நம்புகிறேன். நான் அவரை அழைக்கவில்லை. அவர் வந்தது எனக்கு அப்போது தெரியாது. அவருக்கு ஆங்கிலம் தெரியாது, எனக்கு எந்தப் பதிலும் சொல்லித்தரவில்லை. விதி மீறப்பட்டதற்கு வருந்துகிறேன். அவர் இருந்ததற்கு வருந்த என்னால் முடியவில்லை."

மூன்று முறை படித்தேன். ஒரு சொல்லும் பொய் இல்லை. காலமானவர் என்ற சொல் மட்டும் இல்லை. கேட்கப்படாத விவரத்தைப் பதிலில் தரக் கூடாது என்பது எங்கள் தொழிலின் அடிப்படை. இதை யார் இவளுக்குச் சொன்னார்கள்? நான் சொல்லவில்லை.

8

பிறகு ஒன்றும் வரவில்லை. பெறப்பட்டது என்ற ஒரு வரிகூட இல்லை. பிப்ரவரி போயிற்று. கயல் பக்கத்துக் கடையில் பகுதிநேர வேலைக்கு விண்ணப்பம் வாங்கி வந்து, நிரப்பாமல், குளிர்பெட்டிக் கதவில் காந்தத்தால் ஒட்டி வைத்தாள். நான் உப்புப் போட்டேன், தொட்டிகளை இழுத்தேன். இந்த வீட்டில் நான் மாட்டிய ஒரே மின்விசிறி என் அறையில் இருக்கிறது. இங்கே அதற்கு வேலை இல்லை என்றாலும் அதைப் போட்டுக்கொண்டு தூங்குவது பழக்கம். அந்த மாதம் இரண்டு முறை காலையில் எழுந்தபோது அது நின்றிருந்தது. சுவிட்சை நான்தான் அணைத்திருப்பேன். வயதாகிறது.

ஒருநாள் காலை. கயல் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். என் கைபேசி ஒலித்தது. ஏழுமலை, மாமல்லபுரம் கடற்கரையிலிருந்து. பின்னால் உடுக்கைச் சத்தம், குழந்தைகளின் கூச்சல், மணலில் கூடாரம் போட்டுத் தங்கியிருந்த இருளர் கூட்டத்தின் இரைச்சல். அங்கே பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

"சார், கற்பூரம் ஏத்திட்டேன். காத்து சொம்மா அள்ளிகினு போவுது, ஆனா பாரேன், அணையவே மாட்டேங்குது. பாப்பாவுக்கு எதுனா சேதி வந்துச்சா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். படிக்கட்டில் கயல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கையில் போன். ரவி ஓடி வந்து எட்டிப் பார்த்தான்.

இடம் கொடுத்திருந்தார்கள். முழு உதவித்தொகையும் கொடுத்திருந்தார்கள். விளக்கம் ஏற்கப்பட்டது என்று ஒரு வரி. அதற்குக் கீழே, புதிய மாணவர்கள் வந்து பார்க்கும் நாளுக்கான அழைப்பு. அதில் பெயர்கள் முன்பே அச்சாகியிருந்தன. மாணவி: கயல்விழி. உடன் வருபவர்: தனக்கோட்டி. இருக்கைகள் அடுத்தடுத்து.

எழுத்தர் யாரோ கடிதத்தில் கண்ட பெயரை எடுத்து உரிய கட்டத்தில் போட்டிருக்கிறார். நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன். பெயரை நீக்க அருகிலேயே ஒரு பொத்தான் இருந்தது. ரவியின் விரல் அதை நோக்கிப் போனது. கயல் போனை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"இருக்கட்டும்பா. எனக்கு அங்க யாரையும் தெரியாது."

"சார்? சார்? லைன்ல கீறியா?" என்று ஏழுமலை கேட்டுக்கொண்டிருந்தார்.

எந்தப் பதிலும் வந்த தேதி குறிக்கப்படாமல் கோப்பில் சேரக் கூடாது. மார்ச் பன்னிரண்டு, மாசி மகம்.